பல்லுக்காரம்மா மானிட்டர் வாங்கப் போனது

பல்லுக்காரம்மாவுக்குப் புதுச் சாமான் என்றாலே ஆகாது. நான்கு அக்காமார்களுக்குப் பின்னால் பிறந்தவள். சட்டையிலிருந்து ஜாமெட்ரி பாக்ஸ் வரை எல்லாமே நாலு கை மாறித்தான் அவளிடம் வந்து சேர்ந்தன. வயது நாற்பத்தாறு ஆகியும் அந்தப் புத்தி போகவில்லை. புதுசாக ஒன்று கைக்கு வந்தால் அது வேறு யாருக்கோ வந்தது, தவறி நம்மிடம் வந்துவிட்டது என்று உடம்பெல்லாம் அரிக்கும். கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தால்தான் மனசு ஆறும்.

வேலை பல் லேபில். டாக்டர்கள் வாயில் அச்செடுத்து அனுப்புவார்கள். இவள் பீங்கானில் பல் செய்து, சூளையில் சுட்டு, நிறம் சரிபார்த்துத் திருப்பி அனுப்புவாள். இருபத்திரண்டு வருஷமாக இதேதான். கைப்பையில் சீப்பு இருக்கிறதோ இல்லையோ, ஷேடு கைடு இருக்கும். ஒரு பட்டையில் வரிசையாகச் செருகிய பதினாறு மாதிரிப் பற்கள், வெள்ளையிலேயே பதினாறு விதம். நோயாளியின் பல்லுக்குப் பக்கத்தில் வைத்து எது பொருந்துகிறது என்று பார்ப்பதற்கு. அவளிடம் வந்து யாராவது மொட்டையாக 'வெள்ளை' என்று சொன்னால், எந்த வெள்ளை என்று கேட்டு உயிரை எடுப்பாள்.

சாயங்காலம் ஆனால் இந்தப் பல்லுக்காரம்மா துப்பாக்கி தூக்குவாள். அவளும் அவள் கணவரும் பதினொரு வருஷம் கம்ப்யூட்டரில் கேம் ஆடினார்கள். இந்த வயசில் என்ன கேம் என்று கேட்காதவர்கள் உறவில் பாக்கியில்லை. கேட்கிறவர்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள், இவர்கள் ஆடிக்கொண்டே இருந்தார்கள். ஹாலில் ஒட்டினாற்போல இரண்டு மேஜை, இரண்டு மானிட்டர். மூன்று பேர் சேர்ந்து ஆடும் ஆட்டம் அது. கணவர் லிஃப்ட் மெக்கானிக். ஆட்டத்தில் அவர் பெயர் 'மூணாவது மாடி'. இவள் பெயர் 'கடவாய்'. மூன்றாவது ஆள், இரண்டு ஊர் தள்ளி இருக்கும் ஒரு தபால்காரர். கடவாய் முன்னால் ஓடிச் சுடுவாள். மூணாவது மாடி மருந்துப் பையோடு பின்னால் வருவார். தபால்காரர் வழி சொல்வார், பெரும்பாலும் தப்பான வழி.

எட்டு மாதத்துக்கு முன் ஒரு வேலை நாளில், முற்பகலில், ஒரு அலுவலகக் கட்டடத்தின் லிஃப்ட் கூரைமேல் உட்கார்ந்து வேலை பார்த்துக்கொண்டிருந்த கணவர் அப்படியே சாய்ந்துவிட்டார். நெஞ்சு. கீழே இறக்குவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

பல்லுக்காரம்மா அழவில்லை. வந்தவர்களில் பாதிப் பேர் தைரியசாலி என்றார்கள், பாதிப் பேர் கல்நெஞ்சுக்காரி என்று முணுமுணுத்தார்கள். இரண்டும் இல்லை. பல் பிடுங்க ஊசி போட்ட வாய் எப்படியிருக்கும்? உதட்டைக் கடித்தாலும் தெரியாது, வெந்நீர் பட்டாலும் தெரியாது. அவள் முழுசாகவே அப்படி இருந்தாள். அடுத்த வாரமே லேபுக்குப் போனாள். செய்த பற்களில் ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. சாப்பாட்டில் உப்பு இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் சாப்பிட்டாள், தூக்கம் வந்ததா என்று தெரியாமல் தூங்கினாள்.

அப்படியிருக்கையில்தான் ஒரு செவ்வாய்க்கிழமை தபால்காரர் போன் செய்தார்.

"அக்கா, சனிக்கிழமை அஞ்சு மணிக்கு லீக் ஆரம்பிக்குது. மூணு பேர் பேரைக் கொடுக்கணும். என் வொய்ஃப் மூணு மாசமாப் பழகிட்டு இருக்கா, மருந்துப் பை அவ தூக்குவா. நீங்க வந்தா ஆடலாம். வரலன்னா டீமைக் கலைச்சிடறேன்க்கா. முன்பின் தெரியாத ஆளை வச்சு அந்தப் பேர்ல ஆட எனக்கு மனசு வரல. முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லிடுங்க, நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்."

"வரேன்" என்றாள்.

முடியாது என்று சொன்னால் ஏன் என்று விளக்க வேண்டும், அதற்குத் தெம்பில்லை. ஆனால் அது மட்டுமல்ல. அவளும் அவரும் சேர்ந்து கட்டிக் காத்தது என்று உலகத்தில் மிச்சமிருந்தது அந்த டீம் ஒன்றுதான். பிள்ளை இல்லை. வீடு வாடகை வீடு. சனிக்கிழமை அவள் போய் உட்காராவிட்டால் அதுவும் போய்விடும். இது அவளுக்கு வலிக்கவில்லை. தெரிந்தது, அவ்வளவுதான்.

புதன்கிழமை சாயங்காலம் தூசி தட்டிக் கம்ப்யூட்டரைப் போட்டாள். மானிட்டரில் படம் வரவில்லை. ஒயரைப் பிடுங்கி மறுபடி மாட்டினாள், ஒரே இருட்டு. கீழ் வீட்டில் குடியிருக்கும் நாத்தனார் சாவி கொடுக்க வந்தவள் பார்த்துவிட்டு, "ஐயோ அண்ணி, போன வாரம் நான் மேஜையைத் துடைக்கறேன்னு இழுத்தேனே, அதுல ஏதாவது ஆயிடுச்சா?" என்று கையைப் பிசைந்தாள். பிறகு, "அண்ணனோட மானிட்டர் சும்மாதானே இருக்கு. அதை எடுத்து மாட்டுங்களேன்" என்றாள்.

"வேணாம்."

"ஏன் அண்ணி?"

ஏன் என்றால், அந்த மானிட்டருக்காக அவள் ஆறு வருஷம் சண்டை போட்டிருக்கிறாள். அவருடையதில் நிறம் அசலாக இருக்கும், வெள்ளை வெள்ளையாக இருக்கும். அவளுடையது வெளுத்துப்போன துணி மாதிரி. ஆபீசில் இரண்டு வருஷம் இருந்தது, தூக்கிப் போடப் போகிறார்கள் என்று சொல்லி, பழைய போர்வையில் சுற்றி அவர் கொண்டுவந்து வைத்த சாமான். "நல்லதை நீங்க வச்சுக்கிட்டு வெளுத்ததை என் தலையில கட்டிட்டீங்க" என்று வாரத்துக்கு ஒரு தடவையாவது சொல்லிக்காட்டுவாள். அவர் சிரிப்பார். இப்போது போய் அவருடையதை எடுத்துக்கொண்டால் இதற்குத்தான் காத்துக்கொண்டிருந்தது மாதிரி ஆகிவிடும். இதையெல்லாம் நாத்தனாரிடம் எப்படிச் சொல்வது? "கடைக்குப் போய்ப் பார்க்கறேன்" என்று மட்டும் சொன்னாள். அவள் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததில் நாத்தனாருக்கே தூக்கிவாரிப்போட்டது.

வியாழக்கிழமை லேபில் அரை நாள். மத்தியானமே கம்ப்யூட்டர் கடைக்குப் போய்விட்டாள். நீளமான கடை. சுவர் முழுக்க மானிட்டர்கள். தட்டையானவை, வில்லாக வளைந்தவை, முதுகில் கலர் விளக்கு எரிகிறவை. எல்லாவற்றிலும் ஒரே கார் ஒரே மலையில் ஏறிக்கொண்டிருந்தது. கடைக்காரர் ஒல்லியான மனிதர், சிரிக்காமலே ஜோக் அடிக்கிற ரகம்.

"பையனுக்கு என்ன கேம்மா?"

"பையன் இல்ல. எனக்குத்தான்."

அவர் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை, அதற்காகவே அவரைப் பாராட்ட வேண்டும். "சுடறதா, ஓட்டறதா, வீடு கட்டறதா?"

"சுடறது."

"அப்ப வேகம் வேணும். இந்த வரிசையைப் பாருங்க."

பல்லுக்காரம்மா கைப்பையைத் திறந்து ஷேடு கைடை எடுத்தாள். "எல்லாத்துலயும் வெறும் வெள்ளைப் பக்கம் போடுங்க" என்றாள். கடைக்காரர் போட்டார். கார் மறைந்து அந்த வரிசையில் இருந்த ஏழு மானிட்டர்களும் வெள்ளையாயின. அவள் ஒவ்வொன்றின் முன்னாலும் பல் வரிசையைப் பிடித்துக் கண்ணைச் சுருக்கினாள். பக்கத்தில் கீபோர்டு பார்த்துக்கொண்டிருந்தவர் மெல்ல இரண்டடி தள்ளி நின்றுகொண்டார்.

"இது நீலம் அடிக்குது. இது மஞ்சள். இது செத்த வெள்ளை. இதுல உயிரே இல்ல."

"அம்மா, அது யாரோட பல்லு?" என்றார் கடைக்காரர்.

"யாரோடதும் இல்ல. மாதிரி."

"நல்ல வேளை. இருபது வருஷமா விக்கறேன், பல்லை வச்சு மானிட்டர் பார்த்தவங்க நீங்கதான். கேம் ஆடறவங்க வெள்ளையைப் பார்க்கக் கூடாதும்மா. நகர்றதைப் பார்க்கணும்." ஒரு மவுஸை எடுத்து வட்டமாகச் சுற்றினார். ஒரு திரையில் அம்புக்குறி விட்டு விட்டு, புள்ளி புள்ளியாகத் தாவியது. பக்கத்துத் திரையில் அதே அம்புக்குறி எண்ணெயில் வழுக்குவது போல ஓடியது. "இது அறுபது ஹெர்ட்ஸ். ஒரு செகண்டுக்கு அறுபது தடவைதான் படம் மாறும். அது நூத்தி நாப்பத்தி நாலு. எதிரி செவுத்துலேர்ந்து தலையை நீட்டறதை இதைவிட அதுல முன்னாடியே பார்ப்பீங்க. எது வேணும்?"

"எதுவானாலும் சரி."

கடைக்காரர் அவளை ஒரு நிமிஷம் பார்த்தார். எதுவானாலும் சரி என்று வாங்குகிறவர்கள் மறுநாளே திருப்பிக் கொண்டுவருவார்கள் என்பது அவர் அனுபவம். "இப்ப என்ன வச்சிருக்கீங்க? அதைச் சொல்லுங்க" என்றார்.

அதற்கு அவள் தயாராகத்தான் வந்திருந்தாள். புதுப் பல்செட் கேட்டு வருகிறவர்களிடம் பழைய செட்டைக் கொண்டுவா என்று கேட்பது லேப் வழக்கம். மானிட்டரைத் தூக்கிவர முடியாததால் முன்னால், பின்னால், பக்கவாட்டில் என்று போனில் படம் எடுத்து வந்திருந்தாள். கேபிளைக் கழற்றிச் சுருட்டிக் கைப்பையில் போட்டிருந்தாள். கடைக்காரர் படத்தைப் பெரிதாக்கி மாடல் எண்ணைப் படித்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார்.

"இதை வச்சுக்கிட்டு எதுக்கும்மா என்கிட்ட வந்தீங்க? இது நூத்தி நாப்பத்தி நாலு. சுடறவங்களுக்குன்னே செஞ்சது. கலர் சுமாராத்தான் இருக்கும், ஆனா வேகத்துல இதை அடிச்சுக்க ஆளில்ல. அந்தக் காலத்துல இதுக்கு ஆலாப் பறந்தாங்க."

"இல்லீங்க, இது பழசு. எங்க வீட்டுக்காரர் ஆபீஸ்ல ரெண்டு வருஷம் யூஸ் பண்ணிட்டுத் தூக்கிப் போட இருந்தாங்க. பின்னாடி ஸ்டிக்கர் இருக்கு பாருங்க."

இருந்தது. 'பழுது, அறை 3' என்று லிஃப்ட் கம்பெனியின் ஸ்டிக்கர்.

"வீட்டுக்கு எப்ப கொண்டு வந்தார்?"

"ஆறு வருஷம் ஆகுது."

"இந்த மாடல் கடைக்கு வந்தே ஆறு வருஷம்தான்ம்மா" என்றார் கடைக்காரர் சாதாரணமாக. கேபிளை எடுத்து அதன் அகலமான வெள்ளைத் தலையைத் திருப்பிக் காட்டினார். "இதுதான் வில்லன். ஒரு ஊசி ஒடிஞ்சு போச்சு, அதான் படம் வரல. அது மட்டும் இல்ல, நடுவுல பாருங்க, ஆறு ஊசிக்கு இடம் காலி. இந்த வகைக் கேபிள்ல அறுபதுக்கு மேல ஓடாது. இதைத்தான் ஆறு வருஷமா மாட்டியிருந்தீங்களா?"

நடுவில் பல் இல்லாத வாய் மாதிரி இருந்தது. வாயைப் பார்த்தே பிழைப்பு நடத்துகிறவள், ஆறு வருஷமாக அதைப் பார்க்கவில்லை.

"மானிட்டர் வந்த டப்பால சரியான கேபிள் இருந்திருக்கும். வீட்ல தேடுங்க. இல்லன்னா வாங்க, தரேன்." ஒரு துண்டுச் சீட்டில் எங்கே போய் அறுபதை நூற்று நாற்பத்து நாலாக மாற்ற வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். "மாட்டினா மட்டும் போதாது, இதையும் மாத்தணும். மறந்துடாதீங்க."

வீட்டுக்கு வந்து மானிட்டரைக் குப்புறப் படுக்கவைத்தாள். ஸ்டிக்கரின் ஓரத்தை நகத்தால் நிமிண்டினாள். பல்லில் ஒட்டிய சிமெண்டைச் சுரண்டும் கை. ஒரு கிழிசல் இல்லாமல் உரிந்து வந்தது. கீழே கம்பெனியின் சீட்டு, தயாரித்த மாதமும் வருஷமும். அவர் போர்வையில் சுற்றிக் கொண்டுவந்ததற்கு ஒரு மாதம் முந்தைய தேதி.

உரித்த ஸ்டிக்கரோடு மாடியிறங்கினாள். நாத்தனார் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"இதோட டப்பா எங்கயாவது இருக்கா?"

நாத்தனார் ஸ்டிக்கரைப் பார்த்தாள். கத்தியைக் கீழே வைத்தாள். உள்ளே போய் ஸ்டூல் போட்டு ஏறிப் பரணிலிருந்து ஒவ்வொன்றாக இறக்கினாள். மானிட்டர் டப்பா மட்டுமல்ல. பல்லுக்காரம்மாவின் போன் டப்பா. கூட வேலை செய்கிறவன் மாற்றிவிட்டான் என்று அவர் கொடுத்த போன். ஹெட்போன் டப்பா. இஸ்திரிப்பெட்டி டப்பா, மேனேஜர் வீட்டில் வேண்டாமென்று கொடுத்தது. லேபுக்குப் போட்டுப்போகும் ஷூவின் டப்பா. அளவு தப்பிப்போய் யாரோ தள்ளிவிட்டது.

"புதுசுன்னா நீங்க கடைக்கே கொண்டுபோய்க் கொடுத்துட்டு வந்துடுவீங்களாம்" என்றாள் நாத்தனார். "அதனால எல்லாம் இங்க வந்து பழசாகித்தான் மேல வரும். இஸ்திரிப்பெட்டிக்கு நல்ல ஒயர் அண்ணி, அதுல உக்காந்து டேப் சுத்தினார். ஷூவை என் வீட்டுக்காரரைப் போட்டு நாலு நாள் நடக்கச் சொன்னார். அவருக்குக் கால் கடிச்சு, அது ஒரு கூத்து." சிரித்துக்கொண்டே அழுதாள். வெங்காயம் வேறு.

மானிட்டர் டப்பாவுக்குள் கேபிள் இருந்தது. பிளாஸ்டிக் உறை பிரிக்காமல், கறுப்பாகப் பளபளவென்று.

"இது மட்டும் ரொம்பப் புதுசா இருக்கு, பார்த்தா கண்டுபிடிச்சிடுவான்னு வச்சுட்டுப் போனார். வீட்ல இருக்கற பழைய கேபிளே போதும்னார்."

பல்லுக்காரம்மாவுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. அந்த மானிட்டர் வந்த வாரம் முழுக்க அவர் கேட்டுக்கொண்டே இருந்தார்: "கைக்கு எப்படி இருக்கு?" அவள், "வெளுத்துப்போய் இருக்கு" என்றாள். "கலரைக் கேக்கல, கையைக் கேக்கறேன். ஏதாவது வித்தியாசம் தெரியுதா?" அவள், "அப்படியேதான் இருக்கு" என்றாள். ஒரு வாரம் கழித்துக் கேட்பதை நிறுத்திவிட்டார். அத்தனை ஆசையாக வாங்கியது இவள் கைக்குத் தெரியவில்லை என்று நினைத்திருப்பார். தெரியாமல் போனதற்குக் காரணம் தான் மாட்டிய கேபிள்தான் என்று அந்த மனுஷனுக்கும் கடைசிவரை தெரியவில்லை. ஊர் லிஃப்டுகளையெல்லாம் ரிப்பேர் பார்த்தவர்.

டப்பாக்களோடு மேலே வந்து ஹாலில் உட்கார்ந்தாள். சுற்றிலும் பார்த்தாள். இந்த வீட்டில் எது பழசு, எது புதுசு என்று இனி அவளுக்குத் தெரியப்போவதில்லை. இப்போது அழுகை வரும் என்று எதிர்பார்த்துக் காத்திருந்தாள். வரவில்லை. வராததில் கொஞ்சம் பயம்தான் வந்தது. என்ன செய்தால் எனக்கு உறைக்கும் என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். பிறகு எழுந்து, இருந்ததைச் சூடு பண்ணிச் சாப்பிட்டாள்.

வெள்ளிக்கிழமை கேபிளை மாட்டினாள். படம் வந்தது. சீட்டைப் பார்த்து எண்ணை மாற்றினாள். மவுஸைச் சுற்றியதும் அம்புக்குறி வழுக்கிக்கொண்டு ஓடியது. கைக்கு நன்றாக இருந்தது. அதைச் சொல்ல வேண்டியவரிடம் சொல்ல முடியாது என்பதும் தெரிந்தது. சரி என்று அணைத்துவிட்டாள்.

சனிக்கிழமை ஐந்து மணிக்கு ஹெட்போனை மாட்டியபோது இருவரும் ஏற்கெனவே வந்திருந்தார்கள்.

"அக்கா, வந்துட்டீங்களா!" என்றார் தபால்காரர். பின்னாலேயே அவர் மனைவி: "அக்கா, நான் கத்துக்குட்டி. தப்பு பண்ணா திட்டிடுங்க."

"சரிம்மா" என்றாள்.

ஆட்டம் ஆரம்பித்தது. எட்டு மாதம் ஆடாத கை மாதிரியே இல்லை. ஒருவன் ஜன்னலில் தலையை நீட்டியதும் விழுந்தான். அடுத்தவன் படியிறங்கி முடிப்பதற்குள் விழுந்தான். "என்னக்கா இது! சொல்லாம கொள்ளாம என்ன சாப்பிட்டீங்க?" என்று தபால்காரர் கூவினார். அந்த நேரம் பக்கவாட்டிலிருந்து யாரோ ஒருவன் அவளைச் சுட்டுவிட்டான். உயிர் ஒரு கோடு அளவுக்குத்தான் மிச்சம்.

அவள் எப்போதும் செய்வதைச் செய்தாள். ஓடிப்போய்ப் பக்கத்தில் இருந்த குட்டிச்சுவருக்குப் பின்னால் மண்டியிட்டாள். திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையிருந்ததில்லை. மனசுக்குள் மூன்று எண்ணுவதற்குள் காயத்தில் கட்டு விழுந்துவிடும். ஒன்று எண்ணினாள். இரண்டு எண்ணினாள். மூன்று எண்ணினாள். எதிரி சுவரைச் சுற்றிக்கொண்டு நேர் எதிரே வந்து நின்றான். வேகமான மானிட்டர், அவன் வருவது வெகு முன்னாலேயே தெரிந்தது. அவள் இன்னும் காத்துக்கொண்டிருந்தாள். கடவாய் செத்தாள், திரை சாம்பல் நிறமானது.

"என்னக்கா, சுடலாமே? கண்ணு முன்னாடிதானே வந்தான்?" என்றார் தபால்காரர்.



"ஐயோ, என் தப்புதான்க்கா" என்றாள் அவர் மனைவி. "நீங்க எங்க போனீங்கன்னே எனக்குத் தெரியல. அடிபட்டா எங்க போய் உக்காருவீங்கன்னு சொல்லிடுங்க, அடுத்த தடவை அங்கயே வந்துடறேன்."

நியாயமான கேள்வி. பல்லுக்காரம்மா பதில் சொல்ல வாயைத் திறந்தாள். பதினொரு வருஷத்தில் யாரும் அவளிடம் அதைக் கேட்டதில்லை. அவரிடம் அதை ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.

"சொல்லணுமா?" என்றாள். குரல் அவளுக்கே யாருடையதோ மாதிரி இருந்தது.

"சொல்லுங்கக்கா. தெரிஞ்சுக்கறேன்."

"கிட்ட இருக்கற செவுத்துக்குப் பின்னாடி" என்றாள். "நான் திரும்பிப் பார்க்க மாட்டேன். இடது பக்கமா வருவார்."

அதற்கு மேல் முடியவில்லை. மைக்கை அணைக்க வேண்டும் என்றுகூடத் தோன்றாமல் உடம்பு குலுங்க, வாய்விட்டு அழுதாள். இரண்டு ஊர் தள்ளி தபால்காரரும் அவர் மனைவியும் ஹெட்போனைக் கழற்றாமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.